சோர்ந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள்!

(ஆலையடிவேம்பிற் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில், பாரிசவாதத்தையும் எலும்பு, மூட்டு நலத்தையும் பற்றி வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பாரிசவாதத்தைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்தார்கள். அதைக் கேள்வியுற்ற கமக்காரர் ஒருவர், "ஐயா, வாதத்தைப் பற்றித்தானே பேசப் போகிறீர்கள்? அப்படியே என் முழங்காலுக்கும் ஒரு வழி சொல்லிவிடுங்கள்" என்றார். அருகில் நின்ற படித்த இளைஞர் ஒருவர் சிரித்தார். பாரிசவாதம் மூளையைப் பற்றிய நோய். முழங்கால் வாதம் மூட்டைப் பற்றிய நோய். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டாரே இந்தப் பெரியவர் என்பது அவருடைய சிரிப்பின் பொருள். நான் சிரிக்கவில்லை.

நம் முன்னோர் வாத நோய்கள் எண்பது என்று வகுத்தனர். பக்கவாதமும் மூட்டுவாதமும் சித்த மருத்துவத்தில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் சொன்ன காரணம் வேறு, இன்றைய விஞ்ஞானம் கண்ட காரணம் வேறு என்பது உண்மை. ஆனால், மனிதனின் அசைவைக் கெடுப்பன யாவும் ஓரினம் என்று கண்டார்களே, அந்தக் கண் கூர்மையான கண். இன்று மூளைக்கு ஒரு நிபுணர். எலும்புக்கு வேறொரு நிபுணர். இருவரும் தத்தம் துறையில் வல்லவர்கள். நோயாளியோ இருவருடைய அறைகளுக்கும் இடையிலுள்ள தாழ்வாரத்திற் கிடக்கிறார்!

நான் சொல்ல வந்தது இதுதான். பாரிசவாதம் தாக்குவது மூளையை. ஆனால் அந்நோயிலிருந்து உயிர் தப்பியவரை ஆண்டுக்கணக்காகப் பாயிற் கிடத்துவது மூளை மட்டுமன்று. முதல் வாரத்தில் யாரோ பிடித்து இழுத்த தோள், மடங்கி இறுகிப்போன முழங்கை, கவிழ்ந்துபோன பாதம், ஆறு மாதம் கழித்துக் கிணற்றடியில் வழுக்கி முறிந்த இடுப்பு ஆகியவையும் அதற்குக் காரணம். மூளையில் இறந்த பகுதியை மீட்டுத்தர எந்த வைத்தியனாலும் இயலாது. தோளையும் பாதத்தையும் இடுப்பையும் காப்பதற்கோ உங்கள் வீட்டாராலேயே முடியும்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபட்டாலோ, வெடித்துக் கசிந்தாலோ பாரிசவாதம் வருகிறது. மூளையின் வலப்பாதி உடலின் இடப்பாதியை ஆள்கிறது. இடப்பாதி வலப்பக்கத்தை ஆள்கிறது. ஆகவேதான் ஒரு பக்கம் மட்டும் சோர்கிறது. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமற் போதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் போதும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எண்ணெய் பூசிப் பார்ப்போம் என்று பொழுதைக் கழிக்கக் கூடாது. விரல் நுனியில் ஊசி குத்தி இரத்தம் விட்டால் நோய் போய்விடும் என்றொரு செய்தி கைத்தொலைபேசிகளிற் பரவுகிறது. அது வெறும் பொய். அடைப்பைக் கரைக்கும் மருந்து ஒன்று உண்டு. நோய் தொடங்கி நாலரை மணி நேரத்திற்குள், மூளையைச் சீ.ரி. படம் எடுத்து, இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்த பின்னரே அதனைக் கொடுக்கலாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். 2016 ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்தச் சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. நோய் தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள். "காலையிலிருந்து ஒரு மாதிரி இருந்தார்" என்ற சொல்லால் வைத்தியருக்கு ஒரு பயனும் இல்லை.

இவ்வளவும் பலர் பல மேடைகளிற் சொன்னவை. இனிச் சொல்லப்போவதைச் சொல்வோர் குறைவு.

எலும்பை நாம் கல்லைப் போலவும் கட்டையைப் போலவும் எண்ணுகிறோம். அது உயிருள்ள பொருள். எலும்பைத் தின்னும் அணுக்கள் ஒரு புறம், எலும்பைக் கட்டும் அணுக்கள் மறுபுறம். இவை இரண்டும் நாள்தோறும் உங்கள் உடலில் வேலை செய்கின்றன. கட்டுவோருக்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது? பாரத்திலிருந்து வருகிறது, தசையின் இழுவையிலிருந்து வருகிறது. செருமானிய வைத்தியர் யூலியசு வொல்ஃப் என்பவர் 1892 இலேயே இதனை நூலாக எழுதிவிட்டார். பாரம் தாங்கும் எலும்பு தடிக்கும். பாரம் தாங்காத எலும்பு மெலியும். மண்வெட்டி பிடித்த வலக்கையின் எலும்பு மற்றக் கையினுடையதைவிடத் தடித்திருப்பது இதனாலேதான். பாரமே இல்லாத விண்வெளியில் மிதக்கும் வீரர்கள், உடலில் ஒரு குறையும் இல்லாதவர்கள், மாதமொன்றுக்கு இடுப்பெலும்பில் நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை இழக்கிறார்கள்.

பாரிசவாதம் வந்தவருடைய சோர்ந்த பக்கமும் அத்தகையதே. தசை இழுக்கவில்லை, கால் பாரம் தாங்கவில்லை, கட்டும் அணுக்கள் கட்டளையின்றிச் சோம்பிக் கிடக்கின்றன, தின்னும் அணுக்களோ தின்றுகொண்டே இருக்கின்றன. ஒரே மனிதனின் ஒரு பக்க எலும்பு உறுதியாகவும் மறு பக்க எலும்பு உளுத்துப்போயும் நிற்கும் விந்தை இது. நோர்வே நாட்டிற் செய்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று நம் கண்ணைத் திறக்கத் தக்கது. பாரிசவாதம் வந்த தொடக்கத்தில் நடக்க முடியாமற் சக்கர நாற்காலியில் இருந்தோர், ஓராண்டில் சோர்ந்த பக்கத்து இடுப்பெலும்பின் அடர்த்தியில் நூற்றுக்குப் பத்து அளவில் இழந்தார்கள். தொடக்கத்திலேயே நடக்கக்கூடியவராயிருந்தோர் இழந்தது மூன்று அளவுதான். நாற்காலியில் இருந்தவர்களுள்ளும், இரண்டு மாதத்திற்குள் மீண்டும் நடக்கக் கற்றவர்களுக்கு இழப்புக் குறைந்தது. மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து இது: காலை நிலத்தில் ஊன்றி நிற்றல்.

இனித் தோள். இங்கேதான் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன். ஏனெனில் அதிகமான தீங்கு நிகழ்வதும் இங்கேதான். அந்தத் தீங்கைச் செய்வோரும் பகைவரல்லர், நம்மை நேசிப்போரே.

இடுப்பு மூட்டு ஆழமான குழியிற் பொருந்திய பந்து. தோள் மூட்டு அப்படியன்று. தட்டையான ஒரு தட்டின்மேல் வைத்த பந்து என்று சொல்லலாம். அந்தப் பந்தை விழாமற் பிடித்திருப்பன சுற்றியுள்ள தசைகளே. பாரிசவாதத்தால் அந்தத் தசைகள் தளர்ந்தவுடன், தொங்கும் கையின் பாரமே பந்தைக் கீழே இழுத்துவிடுகிறது. தோளுக்குக் கீழே விரல் நுழையுமளவு பள்ளம் தெரியும். இந்த நிலையில் நோயாளியைக் கட்டிலில் எழுப்பி இருத்துவதற்கு மகன் என்ன செய்கிறான்? சோர்ந்த கையைப் பிடித்து இழுக்கிறான். மருமகள் சட்டை மாற்றும்போது அந்தக் கையை மேலே உயர்த்துகிறாள். உறவினர் பார்க்க வருகிறார்கள். அன்பு மிகுதியால் அதே கையைப் பற்றிக் குலுக்குகிறார்கள். பத்து நாளிற் தோளில் நோவு தொடங்குகிறது. நோவினால் நோயாளி அசையவே அஞ்சுகிறார். அசையாமையால் மூட்டு இறுகுகிறது. இறுகிய மூட்டை அசைத்தால் முன்னிலும் அதிகம் நோகிறது. தேறியிருக்க வேண்டிய கை அத்துடன் முடிந்தது. குற்றம் மூளையினதா?

எப்படித் தூக்குவது என்று கேட்பீர்கள். அக்குளுக்குள் கையை விட்டுத் தூக்கவே கூடாது. நோயாளியின் முதுகுப்புறம் தோட்பட்டை எலும்பின்மேல் உங்கள் உள்ளங்கையை வைத்து, மற்றக் கையை இடுப்பில் வைத்து, அவரை நல்ல பக்கமாகவோ சோர்ந்த பக்கமாகவோ புரட்டி, கால்களைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, பின்னர் நிமிர்த்துங்கள். இருக்கும்போது சோர்ந்த கை மடியிலோ தலையணையிலோ தாங்கப்பட்டிருக்க வேண்டும், தொங்கக் கூடாது. சட்டை போடும்போது சோர்ந்த கை முதலில். கழற்றும்போது அது கடைசியில். கழுத்திலிருந்து துணி கட்டிக் கையைத் தாங்குவது நிற்கும்போதும் நடக்கும்போதும் நல்லது. நாள் முழுவதும் அப்படியே கட்டி வைத்தால் முழங்கை மடங்கியபடியே இறுகிவிடும்.

எண்ணெய் பிடிப்பதைப் பற்றி என்னிடம் கேட்காதவர் இல்லை. எண்ணெய் எனக்குப் பகையன்று. மெல்லத் தடவுவதாற் தோலுக்கும் நன்மை, நோயாளியின் மனத்துக்கும் நன்மை. தாத்தாவின் காலடியில் உட்கார்ந்து பேரப்பிள்ளை எண்ணெய் தேய்க்கும் வேளையில் அவர் இரண்டு சொல் பேச முயல்கிறார் என்றால் அதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. நான் அஞ்சுவது இரண்டு காரியங்களுக்கு. ஒன்று, "நரம்பை எடுத்துவிடுகிறேன்" என்று சொல்லி மூட்டை முறுக்கி இழுக்கும் வன்மை. மற்றொன்று, சூடு. சோர்ந்த பக்கத்திற் பலருக்கு உணர்ச்சியும் மங்கியிருக்கும். கொதிக்கக் கொதிக்கப் புக்கை கட்டினாலும், சூடான ஒத்தடம் கொடுத்தாலும் அவருக்குத் தெரியாது. தோல் வெந்து கொப்புளித்த பின்னரே வீட்டார் அறிகிறார்கள். நீரிழிவும் சேர்ந்திருந்தால் அந்தப் புண் ஆற மாதங்கள் செல்லும்.

தோளுக்கு அடுத்தது பாதம். படுக்கையிற் கிடப்பவரின் பாதம் முன்னோக்கிக் கவிழ்ந்து, குதிகால் நரம்பு குறுகிவிடும். பின்னர் மூளை தேறிக் காலில் வலு வந்தாலும், குதிகால் நிலத்தில் பதியாது. நுனிக்காலால் நடக்கும் மனிதர் எத்தனை அடி நடப்பார்? நாளுக்குப் பல முறை பாதத்தை மெல்ல மேல்நோக்கி மடக்கிச் சற்று நேரம் பிடித்திருங்கள். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். விரல்களை விரித்து விடுங்கள்.

எப்போது எழுப்பி நிற்க வைப்பது? இதில் ஒரு நுட்பம் உண்டு. "எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நன்று" என்று ஒரு காலத்தில் எண்ணினோம். ஐந்து நாடுகளில் 2,104 நோயாளரைக் கொண்டு நடத்தி 2015 இல் முடிவை வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைத் திருத்தியது. நோய் வந்த 24 மணி நேரத்துக்குள் மிகுதியாக எழுப்பி நடத்தியவர்கள், மூன்று மாத முடிவில், வழக்கமான முறையிற் கவனிக்கப்பட்டவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே தேறினார்கள். ஆகவே முதல் நாளில் வீரம் காட்ட வேண்டியதில்லை. வைத்தியர் இசைவு தந்த பின்னர், சிறிது நேரம், ஆனால் அடிக்கடி என்பதே முறை. ஒரு நாளில் ஒரு மணி நேரம் வதைப்பதைவிட, பத்து நிமிடமாக ஆறு முறை எழுந்து நிற்பது மேல். ஆயினும் நம் ஊரிற் காணும் பிழை, விரைவாக எழுப்புவதன்று. "பாவம், அவர் படுத்தே இருக்கட்டும்" என்று இரண்டு மாதம் கிடத்தி வைப்பதே. இரக்கத்தால் மனிதரை முடமாக்குகிறோம்!

இனி வீழ்ச்சி. இதற்கு உலகறிந்த ஒரு சான்று சொல்கிறேன். பிரித்தானியப் பிரதமராயிருந்த சேர்ச்சிலுக்கு 1949 இல் ஒரு சிறு பாரிசவாதம் வந்தது. 1953 யூன் மாதத்தில், இத்தாலியப் பிரதமருக்கு அளித்த விருந்தின் முடிவிற் பெரியதொன்று தாக்கியது. நாட்டு மக்களுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். அரசியல்வாதிகளின் உடல்நிலை அறிக்கைகளை அன்றும் இன்றும் எவ்வளவுக்கு நம்பலாம் என்பது வேறு பேச்சு. அவர் மெல்ல மெல்லத் தேறி, அதே ஆண்டு ஒக்டோபரிற் கட்சி மாநாட்டிற் எழுந்து நின்று நீண்ட உரை ஆற்றினார். ஆனால் 1962 இல், தமது 87 ஆவது வயதில், மொன்ரே கார்லோ நகரின் விடுதி ஒன்றில் வீழ்ந்து இடுப்பை முறித்துக்கொண்டார். விமானத்தில் இலண்டனுக்குக் கொண்டு சென்று சிகிச்சை செய்தார்கள். 1965 சனவரியில் மீண்டும் பாரிசவாதம். அதனோடு வாழ்வு முடிந்தது. மூளையும் எலும்பும் மாறி மாறி ஒரே மனிதனைத் தாக்கியதற்கு இதைவிடத் தெளிவான வரலாறு வேண்டுமா?

நமக்கு அணுக்கமான இன்னொருவர், இலங்கை மண்ணிற் பிறந்த எம்.ஜி.ஆர். 1959 இற் சீர்காழியில் நாடக மேடையிற் கால் முறிந்தது. எலும்பு பொருந்தி, மீண்டும் வாள் சுழற்றினார். முறிந்த எலும்பைச் சுற்றி உயிருள்ள தசை இருந்தது. அதை ஆளும் மூளை முழுமையாக இருந்தது. 1984 ஒக்டோபரிற் சிறுநீரக நோயோடு பாரிசவாதமும் வந்தது. நியூயோர்க்கிற் சிகிச்சை பெற்று 1985 பெப்ரவரியில் திரும்பினார். 1987 டிசம்பரில் மறையும்வரை முதலமைச்சராக இருந்தார். எனினும் பேச்சு முன்போல் திரும்பவில்லை. எலும்பு முறிவு ஒன்று, மூளைத் தாக்கு ஒன்று. இரண்டும் ஒருவருக்கே வந்தபோது தேறுதலின் அளவு எவ்வளவு வேறுபட்டது, பாருங்கள்.

அவர்களுக்கு அமெரிக்கா இருந்தது, விமானம் இருந்தது. நம் வீடுகளில் என்ன இருக்கிறது? பாசி படிந்த கிணற்றடி இருக்கிறது. உயர்ந்த வாசற்படி இருக்கிறது. முற்றத்தில் மாட்டுக் கயிறு கிடக்கிறது. குந்தி இருக்க வேண்டிய மலசலகூடம் வீட்டுக்குப் பின்னே, இருட்டில் இருக்கிறது. பாரிசவாதம் வந்தோர் விழுவது பெரும்பாலும் வீட்டிலேதான். விழும்போது சோர்ந்த பக்கமாகவே சரிகிறார்கள். காப்பதற்குக் கை எழாது. உளுத்த எலும்பு அந்தப் பக்கத்திலேதான் இருக்கிறது. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கிறார் என்பது பல நாடுகளிற் கண்ட கணக்கு. இடது பக்கம் சோர்ந்த சிலரிடம் இன்னுமொரு விந்தை உண்டு. இடப்புறம் என்று ஒன்று இருப்பதையே மனம் மறந்துவிடும். சாப்பாட்டுத் தட்டில் இடப்பாதிச் சோற்றை உண்ணாமல் விடுவார்கள். கதவு நிலையில் இடத்தோளை மோதுவார்கள். கண்ணிற் குறை என்று எண்ணிக் கண்ணாடி வாங்கிக் கொடுக்காதீர்கள். இடப்புறமாக நின்று பேசி, அந்தப் பக்கத்தை நினைவூட்டுங்கள். நடக்கும்போது அந்தப் பக்கத்தில் நில்லுங்கள்.

இடுப்பு முறிந்தால் ஒட்டுக் கட்டிப் பார்ப்போம் என்று நாள் கடத்துவது ஆகாது. நம் முறிவு நெரிவு வைத்தியர்களின் கைத்திறத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தொடையெலும்பின் கழுத்து முறிந்த முதியவருக்குச் சத்திரசிகிச்சை செய்து விரைவாக எழுப்பி இருத்துவதே உயிர் காக்கும் வழி. கட்டுப்போட்டுக் கிடத்தினால் நெஞ்சிற் சளி கட்டும், முதுகிற் புண் வரும்.

எலும்பை மறந்து மூளையை மட்டும் பார்ப்பதன் ஆபத்தைக் காட்டும் செய்தி ஒன்று. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவொக்செற்றின் என்ற மருந்து பாரிசவாதத்தால் தளர்ந்த கை கால்களையும் தேற்றும் என்று ஒரு காலத்தில் நம்பிக்கை பிறந்தது. பிரித்தானியாவில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடம் சோதித்து 2018 இல் முடிவு சொன்னார்கள். கை கால் தேறவில்லை. மனச்சோர்வு குறைந்தது. எலும்பு முறிவோ ஏறத்தாழ இரு மடங்காயிற்று! மனச்சோர்வு உண்மையாக இருப்பவருக்கு அந்த மருந்து வேண்டியிருக்கலாம். வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது.

இதுவரை பாரிசவாதத்திலிருந்து எலும்புக்குச் செல்லும் பாதையைப் பார்த்தோம். மறுதிசையிலும் ஒரு பாதை உண்டு. முழங்கால் கேட்ட அந்தப் பெரியவருக்கு நான் கடன்பட்டிருப்பது இங்கேதான்.

சேற்றிலும் வரம்பிலும் நாற்பது ஆண்டு நடந்த முழங்கால் தேய்கிறது. நோவு வருகிறது. கமக்காரர் என்ன செய்கிறார்? கடையிற் போய் நோக்குளிசை வாங்குகிறார். டைக்குளோஃபினாக் போன்ற குளிசை அன்றைக்கு நோவைப் போக்கும். ஆனால் நாள்தோறும் விழுங்கினால் இரத்த அமுக்கம் ஏறும்; சிறுநீரகம் கெடும்; இருதய நோயும் பாரிசவாதமும் வரும் வாய்ப்புக் கூடும். இதே இனத்தைச் சேர்ந்த ரொஃபெகொக்சிப் என்ற மருந்தை, இந்தக் காரணத்தாலேயே 2004 இல் உலகச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டார்கள். பெயரற்ற பொட்டலத்தில் விற்கும் "வாதப் பொடி" இன்னும் கொடியது. அவற்றுட் சிலவற்றில் ஸ்டீரொயிட் மருந்து மறைவாகக் கலந்திருப்பதுண்டு. உண்டவுடன் நோவு பறந்துபோகும். பின்னர் எலும்பு உளுக்கும், சீனி ஏறும், அமுக்கம் ஏறும். ஒரே பொட்டலத்தில் எலும்பு முறிவுக்கும் பாரிசவாதத்துக்கும் விதை!

நோவினால் மனிதர் நடையையும் விடுகிறார். முன்பு வீட்டிலிருந்து வயலுக்கு நடந்து போனோம். இன்று மோட்டார் சைக்கிள் வரம்படி வரை போகிறது. உழவு இயந்திரம் உழுகிறது. அறுவடை இயந்திரம் வெட்டி, அடித்து, நெல்லைச் சாக்கில் கொட்டுகிறது. முதுகு முறிந்த அந்தப் பழைய காலம் மீண்டும் வேண்டும் என்று சொல்வதற்கு நான் பைத்தியக்காரனல்லன். ஆனால் அலுவலகக் கதிரையில் இருக்கும் உத்தியோகத்தரின் நோய்களை இன்று கமக்காரரும் பங்கிட்டுக்கொண்டார் என்பதைக் காண்கிறேன். கோயிலில் விழுந்து கும்பிட்டு எழ முடியாதோர் தொகை பெருகுகிறது. பள்ளிவாசலிற் கதிரையில் இருந்து தொழுவோர் தொகையும் பெருகுகிறது. தேய்ந்த முழங்காலுக்கு முதல் மருந்து தொடைத் தசையின் வலு. உறுதியான கதிரை ஒன்றில் இருந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெல்ல இருந்து, மீண்டும் எழுங்கள். ஒரு முறைக்குப் பத்துத் தடவை. நாளுக்கு மூன்று முறை. நாலைந்து வாரத்தில் வேறுபாடு தெரியும். இதே பயிற்சிதான் பாரிசவாதம் வந்தவரையும் நடக்க வைக்கிறது.

35 வயது கடந்தோர் அரச வைத்தியசாலைகளின் சோதனை நிலையங்களில் இரத்த அமுக்கத்தையும் சீனியையும் இலவசமாகப் பார்க்கலாம். "எனக்கு ஒன்றும் இல்லை, தலையிடி கூட இல்லை" என்பது விடையன்று. உயர் அமுக்கம் தலையிடியோடு வருவது அருமை. பெண்களே அங்கு முன்வருகிறார்கள். ஆண்கள் வேலையைச் சாட்டி ஒளிக்கிறார்கள். உணவைப் பற்றி நெடுகப் பேசேன். கருவாட்டையும் அப்பளத்தையும் ஊறுகாயையும் குறையுங்கள். அவற்றின் உப்பு அமுக்கத்தை ஏற்றும். சீனி கலவாத தயிர், முருங்கையிலை, எள்ளு, முள்ளோடு உண்ணும் பச்சைச் சிறு மீன் ஆகியவை எலும்புக்கு நல்லவை. இக்கரையில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. சுருட்டையும், வெற்றிலையோடு மெல்லும் புகையிலையையும் விடுங்கள்.

இறுதியாக ஒரு கோரிக்கை. கொழும்பில் நடத்தி 2015 இல் வெளியான ஆய்வு, வயது வந்தோர் ஆயிரம் பேரிற் பத்துப் பேர் பாரிசவாதம் வந்து வாழ்கிறார்கள் என்றது. பத்தாயிரம் வளர்ந்தோர் வாழும் ஊருக்கு அந்தக் கணக்கைப் போட்டால் நூறு வீடுகள். அந்த நூறு வீடுகளிலும் பணிவிடை செய்பவர் யார்? மனைவி, மகள், மருமகள். "வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டோம், இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று அரசு கை கழுவிவிட முடியாது. இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளரிடம் இதையே சோதித்தார்கள். குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களிடமே விட்டதால், ஆறு மாத முடிவில் மரணமோ பிறரை அண்டி வாழ்தலோ குறையவில்லை என்று 2017 இல் அறிவித்தார்கள். வீட்டார் வேண்டும், அவர்களோடு தேர்ந்த இயன்மருத்துவரும் வேண்டும். சோர்ந்த காலோடு பஸ் ஏறிப் பெரிய நகரத்துக்கு வாரம் இருமுறை போய்வர எந்தக் கமக்காரரால் முடியும்? இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார். ஆகவே சிறிய வைத்தியசாலைகளுக்கும் குறித்த நாட்களில் இயன்மருத்துவர் வரவேண்டும். எழ முடியாதோர் வீட்டுக்கும் போகவேண்டும். உத்தியோக நண்பர்களே, மனு எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள். எழுதுங்கள். கையொப்பமிட இத்தனை கமக்காரர் இருக்கிறார்கள்.

அந்த மனுவுக்கு விடை வரும்வரை, இந்தக் கிழமையே செய்யக்கூடியதைச் சொல்லி அமர்கிறேன். ஊன்றுகோலை நல்ல கையிற் கொடுங்கள். சோர்ந்த பக்கத்திற் கொடுப்பது பிழை. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது சோர்ந்த கால் முதலில். கிணற்றடிப் பாசியைச் சுரண்டுங்கள். மலசலகூடத்துக்குச் செல்லும் வழியில் இரவு முழுவதும் ஒரு விளக்கு எரியட்டும். உறுதியான மரக்கதிரை ஒன்றின் நடுப்பலகையில் துளை வெட்டி, குந்தும் குழியின்மேல் அசையாமல் நிறுத்துங்கள். ஊர்த் தச்சருக்கு அரைநாள் வேலை. பக்கத்துச் சுவரில், கதிரையில் இருக்கும்போது முழங்கை சற்று மடங்கிய நிலையிற் பிடிக்கத்தக்க உயரத்தில், இரும்புக் குழாய் ஒன்றைச் சீமெந்து வைத்துப் பதியுங்கள். வலப்பக்கம் சோர்ந்தவருக்கு அந்தக் குழாய் இடப்புறச் சுவரில் இருக்க வேண்டும். இடப்பக்கம் சோர்ந்தவருக்கு வலப்புறச் சுவரில்.